சூதும் கஞ்சாவும்

(நெரவியில் தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறும் தடுப்பூசியும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். அறுப்புக் கூலி முழுசா வீடு வந்து சேருதா என்பதும் குடும்ப நலந்தான்.

திருக்குறளில் 93-ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, அடுத்தது மருந்து. வள்ளுவர் வைத்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். கஞ்சா கள் இல்லையே என்பார்கள். அறிவை மயக்குவதில் இரண்டும் பங்காளிகளே.

சூதாடுகிறவர் எல்லாம் கஞ்சா புகைப்பதில்லை. கஞ்சா புகைப்பவர் எல்லாம் சூதாடுவதும் இல்லை. ஆனால் சூதை விட முடியாமல் தவிப்பவர்களிடம் புகையிலை, மது, கஞ்சா ஆகிய பழக்கங்கள் மற்றவர்களைவிட அதிகம் என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. எது எதைக் கொண்டு வந்தது? அப்படி ஒன்றின்மேல் பழி போட முடியாது. மூளையில் இன்பத்தை எதிர்பார்க்கச் செய்யும் டோப்பமின் என்ற பொருளை இரண்டுமே கிளறுகின்றன. அதனால்தான் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சூதுப் பழக்கத்தைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்து வகைப்படுத்தியது.

நடப்பது இதுதான். சீட்டில் தோற்றவருக்கு மனம் கொதிக்கிறது. அடங்கட்டும் என்று கஞ்சா இழுக்கிறார். கஞ்சா நேரம் போவதை மறைக்கும். சற்று முன் எவ்வளவு போட்டோம் என்ற நினைவைக் குலைக்கும். ஆபத்தை எடைபோடும் புத்தியை மழுக்கும். "விட்டதைப் பிடிச்சுடறேன்" என்று மறுபடி உட்காருகிறார்.

மூன்று நம்பர் லாட்டரிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஆயிரத்தையும் வாங்கினால் பரிசு நிச்சயம். ஆனால் அந்தப் பரிசு, ஆயிரம் சீட்டுக்குக் கொடுத்த காசைவிடக் குறைவாக இருப்பதால்தானே நடத்துகிறவன் பிழைக்கிறான்! 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்த லாட்டரியால் கடன்பட்ட ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பத்தில் மூன்று பெண் குழந்தைகள் உட்பட ஐந்து பேர் மாண்டார்கள். கைப்பேசி ரம்மியும் இதே வகைதான். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசு சட்டத்தால் தடுத்தது. தடை வந்ததும் ஆசை போய்விடுமா?

குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் தம்பதியர் இதையும் கேளுங்கள். தொடர்ந்து கஞ்சா புகைத்தால் ஆணின் விந்தணு குறையலாம். கர்ப்பிணி புகைத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம்.

அக்கா, ஒரு வார்த்தை. கடனை அடைக்கத் தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். அது அடுத்த ஆட்டத்துக்கு முதலாகிவிடும். கூலிப் பணம் உங்கள் கைக்கு வர ஏற்பாடு செய்யுங்கள். அவர் போதையில் இருக்கும்போது வாதம் வேண்டாம், விடிந்தபின் பேசுங்கள். கை ஓங்கினால் குழந்தைகளோடு உடனே பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். அவர் "செத்துடறேன்" என்றால் மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள்.

தம்பி, விட நினைத்தால் முதல் வாரம் கடினம். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, எரிச்சல் வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். அந்த நாட்களில் பழைய கூட்டாளிகள் பக்கம் போகாதீர்கள். இரண்டையும் சேர்த்தே விடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டால் அது மற்றதைக் கூப்பிடும். போலீஸ் பிடிக்குமே என்று பயந்து சிகிச்சைக்கு வராமல் இருக்க வேண்டாம். சிறிய அளவு வைத்திருந்தோ உபயோகித்தோ வழக்கில் சிக்கியவர்கூடத் தானே முன்வந்து அங்கீகரித்த இடத்தில் முழுச் சிகிச்சை பெற்றால், 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

போதைப் பழக்கத்துக்கு 14446, மனக்கலக்கத்துக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. காரைக்கால் அரசு மருத்துவமனைக்கும் வரலாம். இருவருமாக வந்தால் நல்லது. வீட்டுக்காரர் வர மறுத்தால், அம்மா, நீங்கள் மட்டுமாவது வாருங்கள்.