சாயந்திரம் ஆறு மணிக்கு ஒரு நாற்காலி

தாய்மார்களே, தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து, சாப்பாட்டுப் பையோடு நேராக இங்கே வந்து நிற்கும் தோழர்களே!

எங்கள் தெருப் பெண் ஒருத்தியோடு மகளிர் காவல் நிலையத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அடி உதை இல்லை, வரதட்சணை இல்லை. புருஷன் எட்டு மாதமாக அவளோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், துப்பட்டா நுனியை முறுக்குவதும் பிரிப்பதுமாக. கூப்பிட்டு நாலு நிமிஷம் விசாரித்தார்கள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வாசலில் வந்து என்னைக் கேட்டாள்: "அக்கா, அனுசரிக்கிறதுக்காவது அவரு வாயைத் திறக்கணும் இல்ல?"

அவள் வேறெங்கே போவாள், சொல்லுங்கள்! மாமியாரிடம் போனால் சண்டை. அம்மாவிடம் போனால் அழுகை. ஜோசியரிடம் போனால் பரிகாரச் செலவு.

1992-இல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது நல்ல காரியம். அடி விழுகிற வீட்டுப் பெண் அங்கேதான் போக வேண்டும், மகளிர் உதவி எண் 181-ஐ அழைக்க வேண்டும். அடித்தவனையும் அடிபட்டவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சமாதானம் பேசுகிறார்களே, அதை ஆலோசனை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால், பேச்சு நின்றுபோன வீட்டுக்கு எதற்கய்யா காக்கிச் சட்டை?

அங்கே தேவை, தீர்ப்புச் சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்கிற, கேட்டதை வெளியே விடாத ஆள். நான் சலுகை கேட்கவில்லை. அரசின் மனநலச் சேவையைப் பெறுவதும், சொன்னது ரகசியமாக இருப்பதும் உரிமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022-இல் வந்தது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. செத்துவிடலாம் என்று தோன்றுகிற ராத்திரியில் தயவுசெய்து அதை அழையுங்கள். ஆனால் ஒற்றை அறை வீட்டில், மாமியார் படுத்திருக்கும் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து எந்த மருமகள் போனில் மனசைத் திறப்பாள்?

1993-இல் தொடங்கிய பானியன் அமைப்பு முகப்பேரில் இருக்கிறது, 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு அண்ணா நகர் மேற்கில் இருக்கிறது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய இடங்கள். ஆனால் கடுமையான மனநோயில் தவிப்பவர்களுக்காகப் பிறந்தவை அவை. நம் வீட்டு மௌனத்துக்கு நம் ஊரிலேயே ஒரு அறை வேண்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, மூன்று ஊரின் அரசு மருத்துவமனையிலும் ஒரு ஆலோசகர், கதவு சாத்திய ஒரு அறை, எதிரே ஒரு நாற்காலி. அதுவும் சாயந்திரம் ஆறு முதல் ஒன்பது வரை! காலையில் ஓ.பி. சீட்டுக்கு நின்றால் அன்றைய கூலியை யார் தருவது?

அந்தப் புருஷனையும் நான் விடமாட்டேன். எட்டு மாதம் வாய் திறக்காதவன் சந்தோஷமாகவா இருந்திருப்பான்? அவனுக்குத் தெரிந்த ஒரே வாசல் டாஸ்மாக். அந்த நாற்காலி அவனுக்கும்தான்.

அதைக் கேட்கும் மனு இதோ மேடை ஓரத்தில் இருக்கிறது. பின்வரிசையில் கைகட்டி நிற்கும் ஆண்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள்.