முகப்புக் கண்ணாடி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் பார லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றின் சக்கரம் தெறிக்கும் கல்லொன்று பின்வரும் காரின் கண்ணாடியில் பட்டால் என்ன நேரும்? அதையே இன்று சொல்ல விழைகிறேன்.

1903-ஆம் ஆண்டில், பிரெஞ்சு வேதியியலார் பெனெதிக்துஸின் ஆய்வுக்கூடத்தில் தரையில் விழுந்த குடுவையொன்று விரிசல் கண்டும் சிதறவில்லை. உள்ளே படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் துண்டுகளைப் பற்றியிருந்தது. அதன் வழி வந்ததே முகப்பில் பொருத்தும் அடுக்குக் கண்ணாடி. இன்று இரு தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. பக்கக் கண்ணாடியோ பெரும்பாலும் 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி விரைந்து குளிர்வித்தது. உடைந்தால் மணிமணியாய் உதிரும். ஆதலால் அதை மாற்றத்தான் வேண்டும்.

முகப்பில் விழுந்த சிறு வடுவிலோ, பிசின் செலுத்திப் புறஊதா ஒளியால் இறுகச் செய்யலாம். வடு ஓட்டுபவரின் பார்வைக்கு நேரே இருந்தாலும், விரிசல் விளிம்பை எட்டினாலும், புதுக் கண்ணாடியே தக்கது. அதன் பசை இறுகுமுன் வண்டியை ஓட்டலாகாது.

‘நாளை பார்ப்போம்’ என்பாரிடம் நான் சொல்வது இது: வெயிலும் அதிர்வும் விரிசலை வளர்க்கும். இரவில் எதிர்விளக்கின் ஒளி அதில் பட்டுச் சிதறும். அந்தக் கூச்சத்தில், வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி கண்ணுக்குப் புலப்படாமற் போகலாம். பழுது பார்ப்பது அவருடைய உயிரையும் காப்பதேயாகும்.