குளிர்காலக் காலையில் டிராக்டர் கிளம்பாவிட்டால்
(மலைப் பகுதி விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



மார்கழி, தை மாதங்களில் உதகை, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் சில இரவுகளில் குளிர் பூஜ்யம் டிகிரி வரை இறங்குவது உண்டு. புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும் அந்த நாட்களில்தான் இறவை உருளைக்கிழங்குக்கு நிலம் தயாரிக்கும் வேலையும் வந்து சேர்கிறது. சமமான பள்ளத்தாக்கு நிலங்களை உழ வேண்டிய டிராக்டரோ காலையில் கிளம்ப மறுக்கிறது. உழவு ஒரு நாள் தவறினால், வந்த ஆட்களுக்குக் கூலி வீண். அடுத்துக் காத்திருக்கும் நிலத்துக்காரரின் முறையும் தள்ளிப் போகிறது. ஆகவே இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் எல்லோரும் அறிந்திருப்பது அவசியம்.

டீசல் என்ஜினில் எண்ணெயைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்ற தத்துவத்தைக்கொண்டு ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் இந்த யந்திரத்தை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பாகம் சூடாவதை நாம் அறிவோம். டிராக்டர் என்ஜினில் காற்று சுமார் 16 முதல் 20 பங்கில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. அதன் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறும்போது, அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

குளிரில் மூன்று தடைகள் நேர்கின்றன. குளிர்ந்த சிலிண்டர் சுவர் அந்த உஷ்ணத்தை விழுங்கிவிடுகிறது. மசகு எண்ணெய் தடித்து என்ஜினைச் சுழலவொட்டாமல் இழுக்கிறது. பாட்டரியின் வலிமையும் குன்றுகிறது. எனவே டிராக்டர் கிளம்பாவிட்டால், உடனே பெரிய பழுது என்று அஞ்ச வேண்டாம். ஸ்பானரை எடுக்கும் முன்பு புகையைப் பாருங்கள்.

முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, என்ஜினை நிறுத்தும் கைப்பிடி உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா, எண்ணெய்க் குழாய் திறந்திருக்கிறதா என்று கவனியுங்கள். கிளச்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை இயக்குங்கள். ஒரே தடவையில் 10 விநாடிக்கு மேல் இயக்காமல், நடுவே ஒரு நிமிஷமாவது ஓய்வு கொடுங்கள்.

என்ஜின் மெதுவாகச் சுழன்றால் குறை பாட்டரியிலோ அதன் இணைப்பிலோ உள்ளது. முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். போதாவிட்டால் பாட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும்.

நன்றாகச் சுழன்றும் கிளம்பாமல், புகைக்குழாயில் வெண்புகை வந்தால், டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். உஷ்ணமே குறைவு. ஹீட்டர் பிளக் உள்ள டிராக்டரானால், கைப்புத்தகத்தில் கண்ட நேரம் வரை அதைச் சூடாக்கிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாதவற்றில், காற்று உட்செல்லும் இரும்புக் குழாயின்மேல் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சாக்கைச் சற்று நேரம் சுற்றி வைக்கலாம். வெயில் ஏறிய பின்பும் இதே நிலை நீடித்தால், வால்வு, பிஸ்டன் வளையம் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. பில்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கிய நீரை வடித்துவிடுங்கள். டீசலில் இயற்கையாகவே உள்ள மெழுகு கடுங்குளிரில் திரண்டு பில்டரை அடைப்பதும் உண்டு. வெயிலில் சூடேறினால் அது கரையும். குழாயில் காற்று புகுந்திருந்தால், பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை இயக்குங்கள். குமிழி நின்று எண்ணெய் மட்டும் வந்ததும் திருகை இறுக்குங்கள். இன்ஜெக்டர் குழாயைக் கழற்றிப் பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. அதில் அதிக அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும்.

செய்யக்கூடாதவையும் சில உள்ளன. என்ஜினுக்கு அடியில் நெருப்பு மூட்டலாகாது. காற்றுக்குழாயில் தீப்பந்தம் காட்டலாகாது. டீசலில் பெட்ரோல் கலக்கலாகாது. ஈதர் தெளிப்பானை ஹீட்டர் பிளக்குடன் சேர்த்து உபயோகித்தால் வெடிக்கக்கூடும். சாத்திய கொட்டகைக்குள் என்ஜினை ஓட்டினால் விஷவாயு ஆளையே கொன்றுவிடும்.

இவ்வளவு தொல்லையும் பெரும்பாலும் முந்திய மாலையிலேயே தவிர்க்கக்கூடியது. வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைத்தால், உள்ளே பனி வேர்த்து நீர் சேராது. கைப்புத்தகத்தில் குளிர்காலத்துக்குக் குறித்துள்ள எண்ணெயையே ஊற்றுங்கள். திறந்த வெளியில் நிறுத்தாமல் கூரையின் கீழ் நிறுத்துங்கள்.

கூட்டாக டிராக்டர் வைத்திருக்கும் ஊர்களில் பலர் ஓட்டுவதால் ஒருவருக்கும் பொறுப்பில்லாமல் போகிறது. அத்தகைய ஊர்களில் பஞ்சாயத்து முன்னின்று ஒரு கொட்டகைக்கு வழி செய்து, ஒருவரைப் பொறுப்பாக்கி, பில்டர் மாற்றிய நாள், எண்ணெய் மாற்றிய நாள், பாட்டரியின் நிலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வரச் செய்தால், பழுதில் கழியும் உழவு நாட்கள் குறையும். மாலையில் கால் மணி நேரக் கவனம், காலையில் ஒரு நாள் உழவைக் காக்கும். அந்தக் கவனத்தை இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.