செம்மறிப் பாலாடைக்கட்டியைக் கூடிச் சுவை பார்க்கும் முறை

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்துக்குரிய பிரசங்கம்)



பலர் உண்டாக்கும் பொருளை ஒன்றுசேர்த்து விற்கும் சங்கங்களில் ஒரு வழக்கு ஓயாமல் எழுந்துகொண்டே இருக்கும். எவருடைய சரக்கு உயர்ந்தது, எவருடைய சரக்கு தாழ்ந்தது, அதை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்பதே அவ்வழக்கு. உயர்ந்த சரக்கும் தாழ்ந்த சரக்கும் ஒரே விலை பெறுமாயின், பாடுபட்டு நல்லதைச் செய்தவர் ஊக்கம் இழக்கிறார். காரியதரிசியோ பஞ்சாயத்தாரோ தாமாகவே தரம் பிரித்தால், பட்சபாதம் என்ற பழி வருகிறது. பால், நெய், வெல்லம் முதலிய எப்பொருளைச் சேர்க்கும் சங்கத்துக்கும் இத்தொல்லை உண்டு. ஐரோப்பாவில் செம்மறியாட்டுப் பாலிலிருந்து பாலாடைக்கட்டி செய்வோரிடையே இதற்கு ஒரு பரிகாரம் வழங்கி வருகிறது. பொருளைச் செய்தவர் பெயரை மறைத்துவிட்டு, பலர் கூடிச் சுவை பார்த்து மதிப்பிடுவதே அது. அதை நடத்தும் முறையும், அதன் பயனும், அதன் எல்லையும் இங்கே விவரிக்கப்படுகின்றன.

ஐரோப்பியக் குடியானவர்களின் முறைகளைக் கவனிப்பது இந்நாட்டு ஐக்கிய இயக்கத்துக்குப் புதிதன்று. பிரெடரிக் நிக்கல்சன் அத்தேசங்களின் நாணய சங்கங்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. 1904-ல் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தது; அவ்வாண்டிலேயே அக்காலச் சென்னை மாகாணத்துத் திரூரில் முதற்சங்கம் ஏற்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1907-ல், இத்தாலியைச் சேர்ந்த சார்டினியாத் தீவில் போர்த்திகாலி என்னும் ஊரின் ஆட்டிடையர்கள் கூடித் தங்களுக்கென ஒரு பால் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். இரண்டு ஊர்களின் தொழில் வேறு. ஆயினும் தனித்து நின்றால் பிறர் சொன்னதே வட்டி, பிறர் சொன்னதே விலை என்னும் நிலை இரண்டுக்கும் பொதுவாயிருந்தது.

செம்மறிப் பாலின் இயல்பு

தமிழ்நாட்டு மேச்சேரி, சென்னைச் சிவப்பு முதலிய செம்மறிகள் இறைச்சிக்காக வளர்க்கப்படுகின்றவை. அவற்றின் பால் பெரும்பாலும் குட்டிகளுக்கே போகிறது. மத்தியதரைக்கடல் நாடுகளிலோ, பசு பிழைக்காத வறண்ட மேய்ச்சல் நிலங்களில் செம்மறியே பால் தரும் பிராணி. அப்பாலின் அளவு குறைவு, சத்து மிகுதி. நூற்றில் 6 முதல் 7 பங்கு கொழுப்பும், 5 முதல் 6 பங்கு புரதமும் அதில் உண்டு. ஒரு கிலோ கெட்டியான கட்டிக்குப் பசும்பால் ஏறத்தாழ 10 லிட்டர் வேண்டும். செம்மறிப் பால் 5 அல்லது 6 லிட்டரே போதும். எருமைப் பாலைப்போல இதிலும் மஞ்சள் நிறம் தரும் பொருள் இல்லாமையால், கட்டி வெண்மையாகவோ தந்த நிறமாகவோ இருக்கும். கட்டியின் மஞ்சள் நிறத்தைக் கண்டு உயர்வென்று எண்ணுபவர் இங்கே ஏமாறுவார்.

பழகுவதற்கு ஐந்து வகைகள்

தங்கள் சரக்கை மதிப்பிடுமுன் அங்கத்தினர் நாவைப் பழக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முதற்கூட்டத்தில் புகழ்பெற்ற ஐந்து வகைகளை வரிசையாக வைத்துச் சுவைப்பது நலம். முதலாவது கிரீஸ் தேசத்து பேட்டா. இது உப்புநீரில் ஊறிப் பக்குவமாவது; இதில் நூற்றுக்கு 70 பங்குக்குக் குறையாமல் செம்மறிப் பால் இருக்க வேண்டும், எஞ்சியது வெள்ளாட்டுப் பாலாக இருக்கலாம். இரண்டாவது பிரான்சின் பிரனீஸ் மலைப்பகுதியிலுள்ள ஒஸ்ஸோ-இராத்தி. மென்மையும் கொட்டைப் பருப்பின் மணமும் உடையது. மூன்றாவது ஸ்பெயினின் லா மஞ்சாச் சமவெளியில் மஞ்சேகா என்னும் இனத்து ஆட்டின் பாலில் மட்டுமே செய்யப்படும் மஞ்சேகோ. முற்காலத்தில் கோரைப்புல் போன்ற ஒருவகைப் புல்லால் பின்னிய பட்டையில் அதை அழுத்தினார்கள். அப்பின்னலின் தடம் இன்றும் அதன் தோலில் காணப்படுகிறது. நான்காவது பெக்கொரினோ ரொமானோ, உப்பு மிகுந்தது. உண்பதற்கு 5 மாதமும், துருவிச் சேர்ப்பதற்கு 8 மாதமும் முதிர வேண்டும். ரோமாபுரியின் பெயரைத் தாங்கியிருப்பினும், இது பெரும்பாலும் சார்டினியாவில் செய்யப்படுகிறது.

ஐந்தாவது பிரான்சின் ரோக்போர். கொம்பலூ என்னும் பாறை மேட்டின் குகைகளில், பாறைப் பிளவுகள் வழியே வரும் குளிர்ந்த ஈரக்காற்றில் இது முதிர்கிறது. கட்டிக்குள் நீலப் பூஞ்சணம் ஓடியிருக்கும். 1925-ல் பிரெஞ்சுச் சட்டம் இதன் பெயரைக் காத்தது. பாலாடைக்கட்டிகளுள் பிறந்த இடத்தின் பெயருக்கு இவ்விதப் பாதுகாப்பு முதலிற்பெற்றது இதுவே. அந்நாட்டில் இத்தகைய பெயர் பெற்ற கட்டிகள் சுவைக் குழுவின் சோதனைக்கும் உட்படுகின்றன. இத்தாலியில் 1989-ல் பாலாடைக்கட்டி சுவைப்போருக்கென ஒரு தேசிய ஸ்தாபனமே தோன்றியது. சுவை பார்த்தல் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு வித்தை என்பதற்கு இவை சான்று.

ஏற்பாடுகள்

இனிச் சங்கத்தாரின் சொந்தச் சரக்கைச் சோதிக்கும் கூட்டம். 8 முதல் 12 பேர் சுவை பார்த்தால் போதுமானது. ஒரே வேளையில் 6 மாதிரிகளுக்கு மேல் வைத்தால் நாக்கு மரத்துவிடும். ஆள் ஒன்றுக்கு மாதிரி ஒன்றில் 25 கிராம் வீதம், 12 பேருக்கு ஒவ்வொரு மாதிரியிலும் 300 கிராம் வேண்டும். எல்லாக் கட்டிகளும் ஒரே வகையினவாகவும் ஏறத்தாழ ஒரே வயதினவாகவும் இருத்தல் அவசியம். மூன்று மாதக் கட்டியையும் ஒரு வருஷக் கட்டியையும் ஒப்பிட்டால் வயதைத்தான் அளந்ததாகும், செய்தவர் திறமையை அன்று.

கட்டியை நடுவிலிருந்து தோல்வரை ஆப்புப்போல் வெட்ட வேண்டும். நடுவும் ஓரமும் வெவ்வேறு சுவை உடையன ஆதலால் ஒவ்வொருவருக்கும் இரண்டும் கிடைக்க வேண்டும். குளிர்ந்த அறையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்து வைக்க வேண்டும். குளிரில் மணம் எழாது. வெட்டியபின் உலராதபடி மூடிவைப்பது நலம்.

காலை 10 மணி அளவே ஏற்ற வேளை. அப்போது பசியும் அதிகமிராது, வயிறும் நிறைந்திராது. சுவை பார்ப்போர் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே புகையிலை, காரமான உணவு, காப்பி ஆகியவற்றை விலக்க வேண்டும். வாசனைத் திரவியம் பூசி வரலாகாது. நாவைத் துடைக்கக் குளிராத தண்ணீரும் உப்பில்லாத வெறும் ரொட்டியும் போதும். ஊறுகாயும் தேனும் விருந்துக்கு அழகு, சோதனைக்கு இடையூறு.

பெயரை மறைத்தல்

இதுவே இம்முறையின் உயிர்நிலை. சுவை பார்க்காத ஒருவர் ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்றிலக்க எண் ஒன்று கொடுத்து, எண்ணும் பெயரும் எழுதிய தாளை உறையிலிட்டு முத்திரை வைக்க வேண்டும். 1, 2, 3 என்று எண்ணிட்டால் முதலெண்ணை உயர்வென மனம் கொள்ளும். ஆகையால் 417, 682 என்பன போன்ற எண்களே தக்கவை. தோலில் செய்தவர் அடையாளம் இருந்தால் அதைச் சீவிவிட வேண்டும். முதலில் உண்பது உயர்ந்ததாகவும் கடைசியில் உண்பது சலிப்பாகவும் தோன்றக்கூடுமாதலால், ஆளுக்கொரு வரிசையில் மாதிரிகளைக் கொடுப்பது உத்தமம்.

ஒரே கட்டியை இரண்டு எண்களில் வைப்பதும் ஒரு நல்ல உபாயம். இரண்டுக்கும் மிக வேறுபட்ட மதிப்பெண் கொடுப்பவரின் சீட்டு அன்றைய கணக்கில் சேர்வதில்லை. அதனால் அவருக்கு அவமானம் ஒன்றுமில்லை. சளி பிடித்திருந்தாலும் அவ்வாறு நேரும்.

சுவைத்தலும் மதிப்பிடுதலும்

முதலில் கண்ணால் பார்க்க வேண்டும்: நிறம், தோல், துளைகள், வெடிப்பு. பின்பு துண்டை இரண்டாகப் பிட்டு உடனே முகர வேண்டும். விரலால் அழுத்தி அதன் கட்டு அறிய வேண்டும். பிறகு வாயிலிட்டு மெதுவாக மென்று, உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்பு, உறைப்பு எவ்வளவு என்பதைக் கவனிக்க வேண்டும். விழுங்கிய பின்னும் ஒரு நிமிஷம் காத்திருந்து, எஞ்சும் சுவையை உணர வேண்டும். தோற்றத்துக்கு 3, மணத்துக்கு 4, கட்டுக்கு 5, சுவைக்கு 6, பின்சுவைக்கு 2 ஆக 20 மதிப்பெண் என்று வகுத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் பேசலாகாது. ஊரில் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தால் போதும். மற்றவர் பேனா அதன்வழியே ஓடும். சீட்டுகளைச் சேர்த்தபின், ஒவ்வொரு மாதிரிக்கும் மிக உயர்ந்த மதிப்பெண் ஒன்றையும் மிகத் தாழ்ந்தது ஒன்றையும் நீக்கி, மற்றவற்றின் சராசரியைக் கரும்பலகையில் எழுத வேண்டும். உறையைப் பிரிக்குமுன்பே குறைகளைப் பற்றிய பேச்சு நடந்து முடிய வேண்டும். 417 கசக்கிறது என்று சொல்வது எவருக்கும் எளிது. அண்டைவீட்டார் செய்தது கசக்கிறது என்று அவர் எதிரில் சொல்வது அரிது. தம் கட்டியையே அறியாமல் குறைகூறியவரும் அக்கூட்டத்தில் இருக்கக்கூடும். உறை பிரிந்தபின் அவர் கற்றுக்கொள்வதைப் பிறர் சொல்லி அவர் கற்றிருக்கமாட்டார்.

குறையும் காரணமும்

குறையைக் கண்டதோடு நிற்றல் பயனற்றது. செய்த சில நாட்களிலேயே கட்டி உப்பிச் சிறு துளைகள் நிறைந்தால், மடியோ கையோ பாத்திரமோ அசுத்தமாயிருந்ததென்று கொள்ளலாம். பல வாரம் கழித்து உப்பி வெடித்தால், குழியிலிட்டுப் பதப்படுத்திய கெட்ட தீவனத்தின் கிருமி பாலில் கலந்திருக்கலாம். கசப்பு மிகுந்தால் உறைப்பொருள் அதிகமாயிற்றா என்று பார்க்க வேண்டும். சவர்க்காரம் போன்ற காறல், பாலை அதிகமாக அலசிக் குலுக்கியதாலோ நெடுநேரம் வைத்திருந்ததாலோ வரும். புளித்து உதிர்ந்தால், உப்பிடுமுன் புளிப்பு எல்லை மீறியது. இவ்விதம் குறை ஒவ்வொன்றும் தொழுவத்துக்கோ பட்டறைக்கோ வழிகாட்டுகிறது. அதைக் குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி, அடுத்த கூட்டத்தில் மாறிற்றா என்று பார்ப்பதே அபிவிருத்தி.

இரண்டு எச்சரிக்கைகள்

காய்ச்சாத பாலில் செய்த இளங்கட்டி நோய்க்கு இடமாகலாம். ஆட்டுப் பால் வழியே மால்டாக் காய்ச்சல் பரவுவது 1905-ல் மால்டாத் தீவில் கண்டறியப்பட்டது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், உடல் நலிந்தவர் ஆகியோருக்குக் காய்ச்சாத பாலின் கட்டியைக் கொடுக்கலாகாது. அடுத்து, பல கட்டிகளுக்கு உறைப்பொருள் ஆட்டுக்குட்டி அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. போர்ச்சுகல்லின் செர்ரா த எஸ்த்ரெலாவிலோ ஒருவகை முட்செடியின் பூவே உறையிடப் பயன்படுகிறது. சைவ உணவினர் வருங்கால் இதை முன்னதாகவே அறிவிப்பது கூட்டுவோர் கடமை.

இம்முறையின் எல்லை

நாக்கு நல்லதென்று கூறிவிட்டால் விலை தானே வந்துவிடும் என்று நம்பலாகாது. 2019 பிப்ரவரியில் சார்டினியாவின் இடையர்கள் தாங்கள் கறந்த பாலைச் சாலைகளில் கொட்டினார்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 60 சென்ட் கொடுக்கப்பட்டது. ஒரு யூரோவாவது வேண்டுமென்று அவர்கள் கேட்டார்கள். அப்பாலில் குறையொன்றுமில்லை. தீவின் பாலில் பெரும்பங்கு பெக்கொரினோ ரொமானோ என்னும் ஒரே வகைக்குப் போயிற்று. அது தேவைக்கு மேல் குவிந்து விலை வீழ்ந்தபோது பால் விலையும் கூடவே வீழ்ந்தது. விடியுமுன் எழுந்து கறந்த கைகளே அதைத் தரையில் ஊற்ற நேர்ந்தது.

ஆகையால் சுவைக் கூட்டம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: செய்வது நன்றாயிருக்கிறதா? செய்வது ஒன்றுமட்டுந்தானா? முதற்கேள்விக்கு விடையாகத் தரத்துக்கேற்ற விலை வித்தியாசத்தைச் சங்கம் முன்னரே தீர்மானமாக நிறைவேற்றி வைக்க வேண்டும். இரண்டாவதற்காக, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கத்தினர் எவராவது புதிதாகச் செய்து பார்த்த வகைக்கு அம்மேசையில் இடம் கொடுக்க வேண்டும். வாங்குவோர் சிலரையும் அன்று அழைத்து, அவர்கள் எழுதுவதையும் வாங்கிவைக்கலாம்.

இதற்கு வேண்டிய செலவு சொற்பம்: சில கட்டிகள், ஒரு கத்தி, தாள், உறை, தண்ணீர். தன் சரக்கின் குறையைக் கேட்டுப் பொறுக்கும் மனம் அங்கத்தினருக்கு இருக்க வேண்டும். நெய்யாயினும் வெல்லமாயினும் இம்முறை பொருந்தும். அடுத்த பொதுக்கூட்டத்தில், பெயர் மறைத்த ஐந்தாறு கிண்ணங்களை மேசைமேல் வைத்து எந்தச் சங்கமும் இதைத் தொடங்கலாம்.