நோயாளியின் முன் நிற்பதற்கு முன்



இந்தியாவில் 2008ஆம் ஆண்டு பார்ம்.டி. என்னும் ஆறாண்டு மருந்தியல் படிப்புக்கு விதிமுறைகள் வகுக்கப்பெற்றன. அதன் இறுதி ஆண்டை மாணவர் மருத்துவமனைப் பயிற்சியில் கழிக்கிறார். மருந்துகளின் பெயரையும் குணத்தையும் நன்கு கற்றவரே கட்டிலருகே சென்றதும் நா எழாமல் நிற்பதுண்டு. அறிவுக் குறைவு அதற்குக் காரணமன்று; கைக்கும் வாய்க்கும் பழக்கம் இல்லை.

இன்சுலின் இதற்குச் சான்று. இந்நாட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட குப்பியும் உண்டு. 100 யூனிட் கொண்டதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உரிய சிரிஞ்சு வேறு. 40க்குரிய சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை 20 என்ற கோடு வரை இழுத்தால், உடலில் சேர்வது 20 அன்று, 50. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து முதியவர் நினைவிழக்கக்கூடும். இக்கணக்கைத் தேர்வுத்தாளில் பிழையின்றிப் போடும் மாணவர்கூட, இருவகைக் குப்பிகளும் சிரிஞ்சுகளும் மேசைமேல் கலந்து கிடந்தால் தவறானதை எடுத்துவிடலாம். அப்பிழை பயிற்சிக்கூடத்தில், தண்ணீர் நிரப்பிய குப்பியில் நேரட்டும். பயிற்றுநர் அங்கேயே கையை நிறுத்திக் கோட்டைக் காட்டுவார்.

பேச்சுக்கும் இத்தகைய பயிற்சி உண்டு. 1963இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஹோவர்ட் பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர், நலமுள்ள ஒருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவரின் திறனை அறிந்தார். மருத்துவ மாணவர்க்கென எழுந்த அம்முறை பின்னர் மருந்தியல் கல்விக்கும் வந்தது. கிளிபென்கிளமைடு மாத்திரை உட்கொள்ளும் மூதாட்டியாக ஒருவர் நடிக்கிறார் என்க. அட்டமி, சதுர்த்தசியில் உண்ணாநோன்பு இருப்பதை, கேட்டால் மட்டுமே கூறுமாறு அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும். மாணவர் மாத்திரையின் பயனை அழகுற விளக்கிவிட்டு எழுகிறார். உணவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. வெறும் வயிற்றில் அம்மாத்திரை என்ன செய்யும் என்பதை அவர் அறிவார். ஆயினும் கேட்கத் தோன்றவில்லை. வேடம் கலைத்த மூதாட்டி அதைச் சொல்லும்போது வரும் நாணம், உண்மை நோயாளியிடம் அவரைக் கேட்கவைக்கும்.

விலை மிகுந்த பொம்மைகள் இன்றி இதெல்லாம் இயலாது எனச் சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. காலி இன்ஹேலரும் பழைய மருந்துச்சீட்டுகளும் போதும். அரியது, ஒவ்வொரு மாணவரையும் பத்து நிமிடம் உற்றுநோக்கும் ஆசிரியரின் நேரமே.

மற்றொரு குறையும் உண்டு. பாடம் ஆங்கிலத்தில், நோயாளி பேசுவதோ வீட்டுத் தமிழ். ஓய்வுபெற்ற பெரியோர் சிலர், அருகிலுள்ள மருந்தியல் கல்லூரியை அணுகி, திங்களுக்கு ஒரு பிற்பகல் நோயாளியாக நடிக்க முன்வரலாம். "சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா, தம்பி?" என்று அவர்கள் கேட்க, மாணவர் தமிழில் விடை சொல்லிப் பழகட்டும்.