வானத்தில் கண், மேய்ச்சல் நிலத்தில் மதில்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘சுதேசி ட்ரோன்’ என்ற சொல்லை இப்போது தினமும் கேட்கிறோம். பொறியியல் கல்லூரிகளில் ட்ரோன் கிளப்புகள் இருக்கின்றன. உங்களில் சிலர் அவற்றில் உறுப்பினர்களாகவும் இருப்பீர்கள். அதில் தவறில்லை. ஆனால் ‘சுதேசி’ என்றால் ‘நம் நாட்டுடையது’ என்று பொருள். அந்த ‘நாம்’ யார் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். ருஸ்தம்-2. பின்னாளில் ‘தபஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். டிஆர்டிஓவின் பெங்களூரு ஆய்வகம் உருவாக்கிய ஆளில்லா உளவு விமானம் இது. 2011இல் சுமார் 1,540 கோடி ரூபாயில் ஒப்புதல் கிடைத்தது. 2016 நவம்பரில் முதல்முறையாகப் பறந்தது. முப்பதாயிரம் அடி உயரத்தில் 24 மணி நேரம் பறக்க வேண்டும் என்று ராணுவம் கேட்டது. எட்டியது சுமார் 28,000 அடியும் 18 மணி நேரமும்தான். எஞ்சின் வெளிநாட்டிலிருந்து வந்தது. 2024 அக்டோபரில் அமெரிக்காவிடம் 31 பிரிடேட்டர் ட்ரோன்களுக்கு இந்திய அரசு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 32,000 கோடி ரூபாய் அளவில்.

ஆராய்ச்சி என்றால் தோல்வியும் உண்டு. ஆய்வு மாணவனாக அதை நான் கேலி செய்ய மாட்டேன். என் கேள்வி வேறு. அந்த விமானம் எந்த மண்ணிலிருந்து எழுந்தது?

கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளகெரே என்றொரு வட்டம். மழை குறைந்த வறண்ட பூமி. அங்கே ‘அம்ருத் மஹல் காவல்’ என்று சொல்லப்படும் பரந்த புல்வெளிகள் இருக்கின்றன. மைசூர் மன்னர்களும் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் படைக்கு வண்டியிழுக்கும் மாடுகளை வளர்க்கப் பாதுகாத்த மேய்ச்சல் நிலம் அது. அந்தப் புல்லை நம்பி ஆடு மேய்க்கும் குருபர்கள், பழங்குடிப் பட்டியலில் உள்ள நாயக்கர்கள், நிலமற்ற தலித் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆட்டு உரோமத்தில் கம்பளி நெய்வது அவ்வூர்களின் தொழில். சள்ளகெரே சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது.

2009-10 வாக்கில் இந்தப் புல்வெளியில் சுமார் பத்தாயிரம் ஏக்கரை அரசு பங்கு போட்டது. டிஆர்டிஓவுக்கு 4,290 ஏக்கர். இந்திய அறிவியல் கழகத்துக்கு 1,500. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு 1,810. இஸ்ரோவுக்கும் ஒரு பங்கு. மதில் எழும்பத் தொடங்கிய பிறகுதான் பல ஊர்களுக்கு விஷயமே தெரிந்தது. அவர்கள் போராடினார்கள். வழக்கு நம் சென்னையில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில்தான் நடந்தது. 2014 ஆகஸ்டில் நிபந்தனைகளோடு திட்டங்கள் தொடர அனுமதி கிடைத்தது. 2017இல் டிஆர்டிஓவின் சோதனைத் தளம் முறைப்படி திறக்கப்பட்டது. 2019 செப்டம்பரிலும் 2023 ஆகஸ்டிலும் சோதனை விமானங்கள் அதே மாவட்டத்து விவசாய நிலங்களில் விழுந்து நொறுங்கின. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

“அது தரிசு நிலம்தானே, பட்டா யாரிடமும் இல்லையே” என்பார்கள். தோழர்களே, இங்கேதான் சாதி இருக்கிறது. இந்த நாட்டில் பட்டா யாரிடம் இருக்கிறது? தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்துக்கொள்ள விடாமல் தடுக்கப்பட்டவர்களுக்கு மிஞ்சியது பொதுநிலம் ஒன்றுதான். ஆட்டுக்குப் புல், அடுப்புக்கு விறகு, பிணத்துக்குக் குழி, எல்லாம் அங்கிருந்துதான். நம் மொழியில் ‘புறம்போக்கு’ என்பது வருவாய்த்துறைச் சொல். வரி விதிப்புக்கு வெளியே வைத்த நிலம். அதே சொல்லை மனிதர்களைத் திட்டவும் பயன்படுத்துகிறோம். நிலத்தைப் பயனற்றது என்று எழுதுபவர்களுக்கு, அதில் வாழும் மனிதர்களையும் பயனற்றவர்கள் என்று எழுதுவது எளிது. பட்டா இல்லாதவருக்கு இழப்பீடும் இல்லை. அவர் பெயர் எந்தக் கோப்பிலும் வராது.

சரி, மதிலுக்கு உள்ளே யார் போகிறார்கள்? ஆராய்ச்சி தொடர்பான அறிவியல், தொழில்நுட்பப் பதவிகளில் ‘ஏ’ பிரிவின் அடிநிலைக்கு மேலுள்ளவற்றுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு தரலாம் என்ற மத்திய அரசு விதி 1970களிலிருந்து இருக்கிறது. மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணிகளில் இடஒதுக்கீட்டுக்காக 2019இல் வந்த சட்டமும், ‘தேசிய முக்கியத்துவம்’, ‘கேந்திர முக்கியத்துவம்’ என்ற பெயரில் சில நிறுவனங்களை விலக்கி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு அமைப்புகளும் உண்டு. சள்ளகெரேயில் 1,810 ஏக்கர் பெற்ற பாபா அணு ஆராய்ச்சி மையம் அவற்றில் ஒன்று. நிலம் எடுக்கும்போது நாம் தேசத்தின் பகுதி. வேலை கொடுக்கும்போது மட்டும் ‘தகுதி’ குறுக்கே வந்துவிடுகிறது.

இந்தக் கண் யாரைப் பார்க்கிறது என்பதும் முக்கியம். எல்லைக்கு என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள், செய்கிறார்கள். ஆனால் தொழில்நுட்பம் எல்லையிலேயே நிற்பதில்லை. பஸ்தரின் காடுகளுக்கு மேல் உளவு ட்ரோன்கள் பல ஆண்டுகளாகப் பறக்கின்றன. 2021 ஏப்ரலில் ட்ரோனிலிருந்து குண்டு போட்டார்கள் என்று அங்குள்ள ஆதிவாசிகள் சொன்னார்கள், காவல்துறை மறுத்தது. 2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் விவசாயிகள் மீது ஹரியானா காவல்துறை ட்ரோன் மூலம் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. விவசாயிகள் பட்டம் விட்டு அந்த ட்ரோன்களைச் சிக்கவைக்கப் பார்த்தார்கள். தபஸ் வேறு, இந்தச் சிறிய ட்ரோன்கள் வேறு என்பது உண்மைதான். ஆனால் மேலிருந்து பார்க்கும் அதிகாரம் ஒன்றேதான். கீழே இருப்பவருக்கு, தன்னைப் பார்ப்பவர் யார் என்று கேட்கும் உரிமைகூட இல்லை.

“அப்படியானால் நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?” என்று உடனே கேட்பார்கள். வேண்டும். எல்லையில் நிற்கும் சிப்பாயும் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் போகிறார். அவருடைய தாய் ஆடு மேய்க்கும் நிலத்தை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டு, அதைத் தேசபக்தி என்று சொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

இது பக்கத்து மாநிலக் கதை மட்டுமல்ல. 2018இல் மத்திய அரசு அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியை இணைக்கிறது. தொழிற்சாலை வரட்டும், வேலை வரட்டும். வரும்போது, எடுக்கும் நிலத்தில் எவ்வளவு மேய்ச்சல் புறம்போக்கு, எவ்வளவு பஞ்சமி, கிராமசபையில் எப்போது வைத்தார்கள் என்று கேட்கும் ஆட்களும் நம்மிடம் இருக்க வேண்டும்.

நடைமுறையாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் டிஆர்டிஓ இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர வேறு எதற்கும் அது பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த அட்டவணையில் வருவாய்த்துறை இல்லை. நிலத்தின் கணக்கு ராணுவ ரகசியமும் அல்ல. அது தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். ட்ரோன் கிளப்பில் இருக்கும் தோழர்கள் முதல் மனுவை எழுதுங்கள்.