கையெழுத்து வைக்க முன்



போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "டவுன் பக்கம் பத்து பேர்ச்சஸ் வருது, கடன் எடுத்து வாங்கலாமா? இல்லாட்டி தோட்டத்துல 7 பேர்ச்சஸ் குடுக்கும் வரைக்கும் இருக்கலாமா?" இரண்டுக்கும் நாம் சொல்வது ஒன்றுதான்: முதலில் உறுதியைப் பாருங்கள்.

ஈட்டுக் கடன் என்றால் காணியை வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுப்பது. நாலு தலைமுறை குடியிருந்த லயக்காம்பராவை எந்த வங்கியும் ஈடாக எடுக்காது, காணி நம் பேரில் இல்லை. அதனால்தான் தோட்டை அடகு வைத்தும் கிழமைக் கடன் எடுத்தும் கூரைத் தகரம் மாற்றுகிறோம். புது வீடு கிடைத்தவர்களும் பாருங்கள்: கையில் இருப்பது உறுதியா, உறுதி தருவோம் என்ற கடுதாசியா?

அடுத்தது சேமலாப நிதி. 10 வருடம் பணம் கட்டி, கணக்கில் 3 லட்சமாவது இருந்தால், வீட்டுக்கென்று 30 வீதம் வரை எடுக்கலாம். அது நம் காசு, வட்டி கிடையாது. அதே நிதியைக் காட்டி வங்கியில் கடன் எடுப்பது வேறு கதை. தவணை தவறினால் நிலுவையை நிதியிலிருந்து கழிப்பார்கள். பென்சன் வயதில் கணக்கைப் பார்த்து அழுதவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். 5 லட்சம் கடன், குறைந்து போகும் மீதிக்கு 12 வீத வட்டி. 5 வருடத்தில் கட்டினால் மாதம் 11,122 ரூபாய், வட்டி மட்டும் ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 10 வருடம் என்றால் மாதம் 7,174தான், ஆனால் வட்டி 3 லட்சத்து 60 ஆயிரம். 2024 செப்டம்பரில் தீர்மானித்த 1,350 ரூபாய் நாட்சம்பளமாக இருந்தபோது முதல் தவணைக்கே 8 நாள் பேருக்கு மேல் போயிருக்கும். கொழுந்து இல்லாத மாதத்தில் 12 பேர்தான் விழுந்தால் அரிசிக்கு என்ன செய்வது? அதனால் நல்ல மாதத்தை வைத்து இல்லை, மோசமான மாதத்தை வைத்துத் தவணையைத் தீர்மானியுங்கள்.

டவுன் காணி என்றால், விற்பவர் காட்டும் பிரதியை நம்பாமல், நொத்தாரிசு மூலம் பதுளை காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். வேறொருவருக்கு ஈடு வைத்திருந்தால் அங்கே தெரியும். விலை மலிவு என்று சரிவில் வாங்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தயை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கிடைத்த பிறகு முற்பணம் கொடுங்கள். உறுதியில் மனைவியின் பேரும் இருக்கட்டும், தவணையில் பாதி அவர் பறித்த கொழுந்து.

கடன் பத்திரம் சிங்களத்தில் இருந்தால் வெட்கப்படாமல் கொண்டு வாருங்கள். ஞாயிறு பகல் பாடசாலையில் இருப்போம், சேர்ந்து வாசிப்போம்.